காரியாலயம் கழித்த கணினி

மாட்டுச் சந்தைக்குப் போகிறவன் கொம்பின் அழகையும் தோலின் நிறத்தையும் கண்டு மயங்கிவிடுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். நாலு அடி நடக்க விட்டுப் பார்க்கிறான். பல் வயதைச் சொல்லும். நடை வலுவைச் சொல்லும். இவ்விரண்டையும் அறிந்த பின்னரே விலை பேசுகிறான். இத்துணை விவேகம் உள்ள நம்மவர், பிள்ளையின் படிப்புக்கென ஒரு பழைய கணினியை வாங்கப் புறப்படும்போது மாத்திரம், கடைக்காரர் துடைத்து மினுக்கி வைத்த மேற்பெட்டியைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகின்றனர்.

உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைக் கற்கும் மாணவனுக்குக் கணினி இன்றியமையாதது. ஏனைய பாடங்களைக் கற்போருக்கும் அது பெருந்துணையாகும். புதிய கணினியின் விலையோ பல குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே காரியாலயங்கள் உபயோகித்துக் கழித்துவிட்ட கணினிகளை விற்கும் கடைகளைப் பலரும் நாடுகின்றனர். அங்கே பெட்டியின் மேல் ஒட்டிய துண்டில், “ஐ5, 8 ஜீபீ, 500 ஜீபீ” என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு வரி எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை இவ்வாரம் ஆராய்வோம். பொதுவாகப் பேசினால் விளங்காதாகையால், இவ்வகைக் கடைகளில் நன்கு அறிமுகமான ஒரு கணினியையே உதாரணமாக எடுத்துக் கொள்வோம். அதன் பெயர் டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010.

பிறப்பும் பெயரும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே, ஒஸ்டின் நகரப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மைக்கல் டெல் என்னும் இளைஞர், 1984ஆம் ஆண்டில் மாணவர் விடுதி அறையொன்றில் ஆரம்பித்த வியாபாரமே பின்னர் டெல் நிறுவனமாக வளர்ந்தது. காரியாலயங்களுக்கென்று அந்நிறுவனம் செய்யும் மேசைக் கணினி வரிசைக்கு 1993ஆம் ஆண்டு முதல் ஒப்டிபிளெக்ஸ் என்று பெயர். நாம் எடுத்துக்கொண்ட 7010, அந்த வரிசையில் 2012ஆம் ஆண்டு வெளிவந்தது.

காரியாலயக் கணினிக்கும் வீட்டுக்கென விற்கப்படும் கணினிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு வங்கியோ வைத்தியசாலையோ கணினி வாங்கும்போது நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரியை வாங்குகிறது. அவற்றுள் ஒன்று பழுதானால் திருத்துபவர் வந்து சில நிமிஷங்களில் பெட்டியைத் திறந்து, பழுதான உறுப்பைக் கழற்றி, வேறொன்றை மாட்டிவிட்டுப் போகவேண்டும். ஆதலால் அழகிலும் பார்க்கத் திருத்த வசதியே அங்கு முதன்மை பெறுகிறது. மேலும், காரியாலயங்கள் பழுதடைந்தமையால் மாத்திரம் கணினிகளைக் கழிப்பதில்லை. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் உத்தரவாதமோ குத்தகையோ முடிந்தவுடன், நன்றாக ஓடும் கணினிகளையும் ஒருசேரக் கழித்துவிடுவது உலக வழக்கம். இவ்வாறு கழிக்கப்பட்டவையே கடல் கடந்து நம் கடைகளுக்கும் வருகின்றன. பழையது வேறு, பழுதானது வேறு என்பதை நேயர்கள் முதலில் மனங்கொள்ள வேண்டும்.

இனி, பெயரிலே ஒரு பொறி இருக்கிறது. 2012ஆம் ஆண்டில் 7010 என்ற இலக்கத்தை இட்ட அதே நிறுவனம், 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட முற்றிலும் வேறான புதிய கணினிக்கும் ஒப்டிபிளெக்ஸ் 7010 என்றே பெயரிட்டது. இரண்டுக்கும் இடையே பதினோர் ஆண்டுகள். பெயரை மாத்திரம் நம்பி விலை பேசுகிறவர், தாத்தாவுக்குரிய விலையைக் கொடுப்பதற்குப் பதிலாகப் பேரனுக்குரிய விலையைக் கொடுத்துவிடக் கூடும்.

பல்லைப் பார்ப்பது எங்ஙனம்? கணினியின் பல், அதன் முறைவழியாக்கியின் இலக்கமே. ஐ5 என்பது தரத்தைக் குறிக்கும் சொல்லேயன்றி வயதைக் குறிக்கும் சொல்லன்று. அதற்குப் பின்வரும் இலக்கமே வயதைக் காட்டுவது. ஐ5-3470 என்று இருந்தால் முதலில் நிற்கும் 3, அது மூன்றாம் தலைமுறை என்று சொல்லும். ஐ5-13500 என்று இருந்தால் முதலிரு இலக்கங்களான 13, பதின்மூன்றாம் தலைமுறை என்று சொல்லும். “ஐ5” என்பதோடு நின்றுவிடும் துண்டு, மாட்டின் வாயைத் திறக்க விடாத தரகனுக்கு ஒப்பானது.

பெட்டியும் அதன் வலுவும்

2012ஆம் ஆண்டின் 7010 நான்கு அளவுகளில் வந்தது. நிமிர்ந்து நிற்கும் சிறு கோபுரம், படுக்கவைக்கும் மேசைப் பெட்டி, அதனிலும் சிறியது, மிகச் சிறியது என அவற்றை நாம் வரிசைப்படுத்தலாம். இவற்றின் மின்வழங்கிகள் முறையே 275, 250, 240, 200 உவாற்று வலுவுடையவை. கடைகளில் பெரிதும் காணப்படும் மூன்றாம் வகை, ஏறத்தாழ 29 சென்றிமீற்றர் உயரமும் 9 சென்றிமீற்றர் அகலமும் 31 சென்றிமீற்றர் ஆழமும் கொண்டது. படிப்பு மேசையின் ஓரத்தில் அடக்கமாக நிற்கும்.

அடக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. கோபுர வகையிலே நான்கு விரிவாக்கத் துளைகள் இருக்கின்றன; சாதாரண உயரமுள்ள அட்டைகளை அவற்றில் செருகலாம். மூன்றாம் வகையில் இரண்டே துளைகள். அவையும் குட்டையான அட்டைகளையே ஏற்கும். மின்வழங்கியும் அந்தப் பெட்டிக்கென்றே வார்த்த உருவம் உடையதால், அது பழுதானால் அதே மாதிரியைத் தேடித்தான் மாற்றவேண்டும். பிற்காலத்தில் சித்திர வேலைக்கான பெரிய அட்டை ஒன்றைப் பூட்டும் எண்ணம் உள்ளவர்கள் கோபுர வகையையே பார்ப்பது நன்று.

மூளையும் ஞாபகமும்

இப்பெட்டிகளில் அடிக்கடி காணப்படும் முறைவழியாக்கி இன்டெல் நிறுவனத்தின் ஐ5-3470. நான்கு கருக்களைக் கொண்டது. அதாவது, ஒரே சமையலறையில் நான்கு அடுப்புகள் எரிவதைப் போல நான்கு வேலைகள் ஏககாலத்தில் நடைபெறும். அதன் துடிப்பு 3.2 கிகாஹேர்ட்ஸ். செக்கனுக்கு முந்நூற்றிருபது கோடித் துடிப்புகள் என்று மாணவர்கள் பெருக்கிப் பார்த்துக் கொள்ளலாம். வேலை மிகும்போது அது தானாகவே 3.6 வரை உயரும். படங்காட்டும் பகுதியும் அதனுள்ளேயே அமைந்திருப்பதால் தனி அட்டை இல்லாமலே திரை இயங்கும். கட்டுரை தட்டெழுதுதல், கணக்கு அட்டவணை, இணையவழி வகுப்பு, பைதன் போன்ற மொழிகளில் செய்நிரல் பழகுதல் ஆகிய அனைத்துக்கும் இது இன்றும் போதுமானது.

அடுத்தது தற்காலிக நினைவகம். நம்மவர் பேச்சில் ராம் என்பது இதுவே. இதனைப் படிப்பு மேசையின் பரப்புக்கு ஒப்பிடலாம். மேசை அகன்றிருந்தால் பல புத்தகங்களை ஒரே வேளையில் விரித்து வைக்கலாம். ஒடுங்கியிருந்தால் ஒன்றை மூடிவிட்டே மற்றதைத் திறக்கவேண்டும். 7010இன் முதல் மூன்று வகைகளிலும் நினைவகத் துளைகள் நான்கு உள. துளைக்கு 8 வீதம் 32 கிகாபைற்று வரை ஏற்றலாம். மாணவனுக்கு 8 போதும். அதையும் ஒரே பலகையாகப் போடாது, நான்கு நான்காக இரண்டு பலகைகளாகப் போட்டால் இரு வழிகளில் தரவு ஓடி வேகம் சற்றுக் கூடும். ஒன்றை மறவாதிருக்க வேண்டும். இது டீடீஆர்3 என்னும் பழைய இன நினைவகம். பின்வந்த டீடீஆர்4 பலகையின் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் இத்துளையில் பொருந்தாது. பலவந்தமாக அழுத்தினால் தாய்ப்பலகை சேதமாகும்.

தாமதம் எங்கே இருக்கிறது?

பழைய கணினி என்றாலே ஆமை வேகம் என்று பலர் சலித்துக் கொள்வதைக் கேட்கிறோம். அந்தப் பழி பெரும்பாலும் முறைவழியாக்கியின் தலையில் விழுகிறது. உண்மையில் தாமதம் இருக்குமிடம் வன்தட்டு.

துண்டிலே “500 ஜீபீ” என்று எழுதப்படும் வன்தட்டினுள் உலோகப் பூச்சிட்ட தட்டுகள் நிமிஷத்துக்கு 7,200 முறை சுழல்கின்றன. செக்கனுக்கு 120 சுற்று. ஆகவே ஒரு சுற்றுக்கு எட்டு மில்லிசெக்கனுக்குச் சற்று அதிகம். வேண்டிய தரவு வாசிக்கும் ஊசியின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். ஊசி உரிய பாதைக்கு நகரும் நேரம் வேறு. இரண்டையும் கூட்டினால் ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லிசெக்கனுக்கு மேல் கழிகிறது. சிறியதுதானே என்று தோன்றும். ஆனால் கணினி உயிர்பெற்று எழும்போது இத்தகைய தேடல்கள் பல்லாயிரம் நடைபெறுகின்றன. ஒரு செக்கனில் முந்நூறு கோடிக்கு மேல் துடிக்கும் முறைவழியாக்கி, கொல்லைக்குப் போன வேலைக்காரன் வரும்வரை வாசலில் நிற்கும் எசமானனைப் போலச் சும்மா காத்து நிற்கிறது.

எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டு இல்லை, ஊசி இல்லை. ஒரு தேடல் ஒரு மில்லிசெக்கனின் பத்திலொரு பங்கு அளவிலேயே முடிந்துவிடும். ஆகவே, பழைய காரியாலயக் கணினி ஒன்றுக்குச் செலவிடும் முதற் பணம் இதற்கே போகவேண்டும் என்பது எமது துணிபு. 240 அல்லது 256 கிகாபைற்று கொண்ட சாதாரண இரண்டரை அங்குல சாட்டா வகையே போதும். எம்.2 என்னும் புதுவகைத் துளை இந்தத் தாய்ப்பலகையில் இல்லையாதலால், கடைக்காரர் அதைக் காட்டினாலும் வாங்கவேண்டியதில்லை. பழைய வன்தட்டு நலமாக இருந்தால் பாடப் பிரதிகளைச் சேமிக்க வைத்துக் கொள்ளலாம்.

வாசல்கள்

பெட்டியின் முகப்பிலும் முதுகிலும் உள்ள இணைப்பு வாசல்கள் இதன் காலத்தை நன்கு காட்டுகின்றன. முதல் மூன்று வகைகளிலும் யூஎஸ்பி வாசல்கள் பத்து. அவற்றுள் முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக நான்கு, யூஎஸ்பி 3 என்னும் வேகமான இனம். உள்ளே நீல நிறமாயிருக்கும். அவற்றோடு பழைய வட்டவடிவச் சாவிப்பலகை, சுட்டி வாசல்களும், தொடர்நிலை வாசலும் இருப்பது, காரியாலயங்களில் பழைய கருவிகளையும் இணைக்க வேண்டியிருந்தமையாலேயே.

திரைக்கு ஒரு வீஜீஏ வாசலும் இரண்டு டிஸ்பிளேபோர்ட் வாசல்களும் உண்டு. இக்காலத் தொலைக்காட்சிகளில் காணப்படும் எச்டிஎம்ஐ வாசல் இல்லை. வீட்டிலுள்ள தொலைக்காட்சியையே திரையாக்க எண்ணுவோர், டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் இணைப்பி ஒன்றையும் சேர்த்து வாங்கவேண்டும். கம்பியில்லா இணைய வசதி பெரும்பாலானவற்றில் பூட்டப்பட்டிருக்காது. சிறு யூஎஸ்பி வைஃபை துண்டு ஒன்று அக்குறையைத் தீர்க்கும். கமரா, ஒலிவாங்கி ஆகியனவும் இல்லை. இணையவழி வகுப்புக்கு இவற்றின் செலவையும் கணக்கிலே சேர்த்துப் பார்த்த பின்பே “மலிவு” என்ற சொல்லை உபயோகிக்க வேண்டும்.

வயதின் உண்மையான எல்லை

இதுவரை சிறப்புகளைச் சொன்னோம். இனிக் குறையையும் மறைக்காது சொல்லவேண்டும். இக்கணினி விண்டோஸ் 7 காலத்துக் குழந்தை. அதற்கு மைக்ரோசொப்ட் அளித்த பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. பின்னர் விண்டோஸ் 10ஐ இதே பெட்டி தடையின்றி ஏற்றது. அதன் பொது ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 அன்று நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இதனை முறைப்படி ஏற்பதில்லை. எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன இன்டெல் முறைவழியாக்கியும், டீபீஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டுமென்பது அதன் நிபந்தனை. நமது கணினியோ மூன்றாம் தலைமுறை. அதிலுள்ள சில்லு டீபீஎம் 1.2.

கவனியுங்கள்: உறுப்பு எதுவும் தேயவில்லை. நேற்றுச் செய்த வேலையை இன்றும் செய்யும். வெளியே ஒரு விதி மாறியமையால் மாத்திரம் அது “காலாவதி” ஆகிவிட்டது. ஆயினும் விதியை அலட்சியம் செய்யலாகாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாள் கழன்ற கதவின் பின்னே நகைப்பெட்டியை வைத்துவிட்டு உறங்குவதற்குச் சமானம். நிபந்தனைக்குப் புறம்பாக விண்டோஸ் 11ஐப் புகுத்தி விற்கும் கடைகளும் உண்டு. அவ்வாறு புகுத்தியதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி கூறவில்லை.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. பின்லாந்தின் ஹெல்சின்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ், இன்று விலையின்றிக் கிடைக்கும் பல இயங்குதளங்களுக்கு அடித்தளமாயுள்ளது. அவற்றுள் லினக்ஸ் மின்ட் என்பது 4 கிகாபைற்று நினைவகத்திலேயே செவ்வனே ஓடும். லிப்ரே ஒபிஸ் என்னும் எழுத்து, கணக்கு மென்பொருள் அதனுடனேயே வருகிறது. தமிழில் யூனிகோட் முறையில் தட்டெழுதவும் தடையில்லை. கணினி விஞ்ஞானம் படிக்க விரும்பும் மாணவனுக்கு இதைப் பழகுவது நஷ்டமன்று, இலாபமே. விண்டோஸில் மாத்திரம் ஓடும் குறிப்பிட்ட மென்பொருள் ஏதேனும் பாடத்துக்குக் கட்டாயம் வேண்டுமானால், இந்த வயதுப் பெட்டியை விட்டுவிட்டு, எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய பழைய கணினி ஒன்றைத் தேடுவதே புத்தி.

மின்சாரக் கணக்கு

240 உவாற்று என்று எழுதியிருப்பதைக் கண்டு தாய்மார் அஞ்சவேண்டாம். அது மின்வழங்கி தரக்கூடிய உச்ச அளவு. எப்போதும் உண்ணும் அளவன்று. பெட்டியும் திரையும் சேர்ந்து 80 உவாற்று எடுப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் ஓடினால் 400 உவாற்று-மணி. முப்பது நாளில் 12 அலகு. மின்சாரப் பட்டியலை எடுத்துப் பார்த்து, ஓர் அலகின் விலையால் பெருக்கிக் கொள்ளுங்கள். மடிக்கணினியாயின் இதிலும் குறைவாகவே செலவாகும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேசைக் கணினிக்குள் மின்கலம் இல்லை. மின்சாரம் நின்ற கணத்தில் சேமிக்காத வேலை அனைத்தும் போய்விடும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்த நம் நாட்டவருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. சிறிய யூபீஎஸ் ஒன்று, வேலையைச் சேமித்துக் கணினியை ஒழுங்காக நிறுத்துவதற்கு வேண்டிய சில நிமிஷங்களைத் தரும்.

கடையில் செய்யவேண்டியவை

பல்லைப் பார்த்தாயிற்று, இனி நடக்க விட்டுப் பார்க்கவேண்டும். விலை பேசுமுன் பின்வருவனவற்றைச் செய்யுமாறு நேயர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.

பெட்டியில் ஒட்டியுள்ள ஏழு எழுத்திலக்கச் சேவைக் குறியைக் குறித்துக் கொண்டு, கைத்தொலைபேசியில் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இட்டுப் பாருங்கள். அது முதலில் அனுப்பப்பட்ட திகதியும், பிறக்கும்போது என்னென்ன உறுப்புகளுடன் பிறந்தது என்பதும் தெரியவரும்.

மின்கம்பியைச் செருகியதும் பெட்டியின் முதுகில் மின்வழங்கியோடு ஒட்டிய சிறு பொத்தானை அழுத்துங்கள். அருகில் பச்சை விளக்கு எரிந்தால் மின்வழங்கி நலம். கணினியை இயக்கியதும் முகப்பு விளக்கு செம்மஞ்சளாகச் சிமிட்டினால் உள்ளே ஏதோ கோளாறு என்று கொள்க. எத்தனை முறை சிமிட்டுகிறது என்பது எந்த உறுப்பில் கோளாறு என்பதைக் குறிக்கும்.

திரையில் நிறுவனத்தின் முத்திரை தோன்றும்போது எவ்12 சாவியை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் பரிசோதனை என்னும் பொருள்படும் டயக்னோஸ்டிக்ஸ் என்பதைத் தெரிந்தெடுத்தால், நினைவகம், வன்தட்டு, காற்றாடி முதலியவற்றைக் கணினியே சோதித்துச் சொல்லும். அது முடியும்வரை கடையில் காத்திருக்க நாணவேண்டாம். எவ்2 சாவியால் உள்ளமைப்புப் பக்கத்தைத் திறந்து, கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். முன்னைய காரியாலயம் இட்ட கடவுச்சொல்லை நீக்காது விட்டிருந்தால், பின்னர் அவதிப்படப் போகிறவர் நீங்களே.

கடைசியாக, மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இதற்குத் திருப்புளி வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள கைப்பிடியை இழுத்தால் மூடி கழன்றுவிடும். உள்ளே கையால் கழற்றத்தக்க இடங்கள் நீல நிறத்தால் காட்டப்பட்டிருக்கும். வன்தட்டும் நினைவகமும் கருவியின்றியே வெளியே வரும். நாணயம் போன்ற 3 வோல்ற்று மின்கலம் ஒன்று தாய்ப்பலகையில் தெரியும். கணினி நாளையும் நேரத்தையும் மறந்து போகிறதென்றால், பெரும்பாலும் மாற்றவேண்டியது அந்த மலிவான மின்கலம் ஒன்றே.

எம்மைக் கேட்டால், இந்தப் பழைய பெட்டியின் ஆகச் சிறந்த அம்சம் இந்த மூடிதான் என்போம். இக்காலத்து மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு ஒட்டிப் பற்றாசு வைக்கப்பட்டிருக்கிறது; ஒன்று பழுதானால் முழுவதும் போயிற்று. இங்கேயோ, பாடப்புத்தகத்தில் படமாக மாத்திரம் கண்ட முறைவழியாக்கியையும் நினைவகத்தையும் மாணவன் கையால் தொட்டுக் கழற்றி மறுபடி மாட்டலாம். வீடியோ தொகுப்பு, பெரிய விளையாட்டுகள், கட்டடப் படங்கள் வரைதல் ஆகியவற்றை நாடுவோர்க்கு இது உகந்ததன்று. படிக்கவும் எழுதவும் செய்நிரல் பழகவும் ஒரு கணினி வேண்டும், கையில் பணம் குறைவு என்னும் குடும்பத்துக்கு, எஸ்எஸ்டி ஒன்றைப் பூட்டி, லினக்ஸை ஏற்றி, குறைந்த விலைக்குப் பேசி வாங்கினால், இது சில ஆண்டுகளுக்கு விசுவாசமாக உழைக்கும்.

ஓர் எச்சரிக்கை மாத்திரம். மூடியைத் திறப்பதற்கு முன் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்னை நீக்குங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னையும் போக்குங்கள். அதன் பின்பு பிள்ளையின் கையில் திறக்கக் கொடுங்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள்.